மெயிலி என்றொரு மகன்

மோர்டன், லண்டன்
14.10.2003

சுபாஸ்கரன் அவர்களுக்கு,

நீங்களும் வீட்டிலுள்ளவர்களும் சுகமாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு தொடங்குகிறேன். உங்களை எப்படி அழைப்பது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

என் பெயர் யசோதினி. வயது இருபத்தொன்று. செல்வரத்தினத்தின் மகள். உங்கள் அம்மா தவமலர் ஆவணி மாதம் காலமானதை அறிவித்து நீங்கள் அப்பாவுக்கு எழுதிய கடிதம், கோலியர்ஸ் வுட்டில் உள்ள அவருடைய கடைக்கு வந்தது. சனிக்கிழமைகளில் நானும் கடையில் நிற்பேன். நீரிழிவால் அப்பாவுக்கு ஒரு கண் போய்விட்டது. மற்றதிலும் எழுத்து மங்கல். அவருக்கு வருகிற தமிழ்க் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன்.

"ஆர் எழுதினது?" என்று கேட்டார். உறையிலிருந்த பெயரை வாசித்தேன். அப்பா குனிந்து வெங்காய மூட்டையின் வாயை இழுத்துக் கட்டினார்.

"அது விலாசம் மாறி வந்தது பிள்ளை. குப்பைக்குள்ள போடு."

நான் போடவில்லை. ரயிலில் வாசித்தேன். மோர்டன்தான் கடைசி நிறுத்தம். எல்லோரும் இறங்கிய பிறகும் நான் இருந்தேன். ரயில் வந்த வழியே திரும்பிப் போனது, நானும் அதோடு போனேன்.

உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில் 'அப்பா' என்று எழுதி, வெட்டி, 'ஐயா' என்று மாற்றியிருந்தீர்கள். எனக்குக் கௌசிகன் என்று ஒரு தம்பி இருக்கிறான், பதினேழு வயது. அண்ணா ஒருவர் இருக்கிறார் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

பதில் எழுதுவதானால் வீட்டுக்கும் கடைக்கும் வேண்டாம். கீழே என் கல்லூரி விலாசம் இருக்கிறது. அங்கே இறுதி வருடம், வட ஐரோப்பாவின் பழைய மொழியும் கதைகளும் படிக்கிறேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் வரை வந்தவள் நான்தான். கோயிலில் யாராவது கேட்டால் அப்பா "சரித்திரம்" என்று சொல்லி முடித்துவிடுவார்.

உங்கள் அம்மாவுக்காக வருந்துகிறேன்.

இப்படிக்கு,
செ. யசோதினி


இணுவில்
09.11.2003

யசோதினி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். என்னோடு இருக்கிற சுசிலா சின்னம்மாவுக்கு முழங்கால் நோ, மற்றும்படி அவவும் சுகம்.

யாரோ சொல்லித்தான் எழுதுகிறீர்கள் என்று முதலில் நினைத்தேன். இரண்டாம் தரம் வாசித்தபோது அப்படித் தோன்றவில்லை.

தொலைபேசியில் கதைப்போமா என்று கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். எண்பத்தேழில் எங்கள் முற்றத்தில் செல் விழுந்து வெடித்தது. எனக்குப் பதினொரு வயது. அன்றிலிருந்து இரண்டு காதும் கேளாது. வாயசைவில் பாதி விளங்கும், மீதியை எழுதிக் காட்டச் சட்டைப் பையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். சுன்னாகத்தில் குகநாதன் என்பவரின் அச்சகத்தில் கணினியில் எழுத்தடிக்கிறேன். கலியாண அழைப்பிதழ்களைவிடக் கல்வெட்டுகள்தான் அதிகம். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் வந்தவர்களுக்குக் கொடுக்கிற சிறு புத்தகம், உங்கள் வீட்டிலும் நாலைந்து கிடக்கும். முன்னால் படம், பிறகு வாழ்க்கை வரலாறு, தேவாரம், கடைசியில் வம்ச அட்டவணை. இயந்திர இரைச்சல் எனக்குத் தொந்தரவில்லை. அதுதான் உன்ர தகுதி என்று முதலாளி பகிடி விடுவார்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் அப்பா எழுபத்தொன்பதில் நோர்வேக்குப் போனபோது எனக்கு மூன்று வயது. கோயிலில் தாலி கட்டிய கலியாணம், பதிவு இல்லை. எண்பத்தொன்றில் அந்தக் கோயில் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தவமலரோடு தனக்கு ஒரு தொடர்பும் இல்லை, அந்தப் பிள்ளையும் தன்னுடையது இல்லை என்று. அது ஊர் முழுவதும் கைமாறியது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினார்கள்.

என் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு இருக்கிறது. மற்றவர்கள் பெயருக்கு முன்னால் தகப்பனின் முதலெழுத்தைப் போடுவார்கள். நான் அம்மாவின் 'த.' போடுகிறேன்.

இப்போது எனக்கு ஒரு கலியாணம் பேசியிருக்கு. பெண்ணின் பெயர் ரமா. காது கேளாதது தனக்குக் காரியமில்லை என்று கொப்பியில் எழுதித் தந்தா. அவவின் தகப்பன் தவராசாவும் நல்ல மனிதர்தான், ஆனால் தகப்பன் பேர் இல்லாத மாப்பிள்ளை வேண்டாம் என்கிறார். எனக்குக் காசு வேண்டாம், லண்டனும் வேண்டாம். சுபாஸ்கரன் என் மகன் என்று ஒரு வரியும் கீழே அவருடைய கையெழுத்தும். அவ்வளவுதான்.

உங்களால் ஏலுமா?

இப்படிக்கு,
த. சுபாஸ்கரன்


மோர்டன்
01.12.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தச் சொல்லை எழுத உங்களிடம் கேட்கவில்லை. பிழை என்றால் சொல்லுங்கள். இங்கே குளிர் ஏறிவிட்டது, எல்லோரும் சுகம். சின்னம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

அந்த ஒரு வரியை நான் வாங்கித் தருவேன். இதை மையால் எழுதுகிறேன், அழிக்க முடியாது. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. வகுப்பில் விடை தெரிந்தால்கூடப் பக்கத்திலிருப்பவளின் தாளில் எழுதிக் காட்டுவேன், அவள் கையை உயர்த்திச் சொல்லுவாள். ஆனால் என் அப்பாவிடம் ஒன்றைக் கேட்க நாலு பேர் தேவையில்லை.

நான் என்ன படிக்கிறேன் என்று உங்களுக்குச் சொல்ல ஆசையாக இருக்கிறது. வேறு யாரும் கேட்பதில்லை. நாங்கள் லண்டனுக்கு வர முதல், நோர்வேயின் ஹம்மர்பெஸ்ட்டில் அப்பா மீன் தொழிற்சாலையில் நின்ற காலத்தில் நான் அங்கே பள்ளிக்கூடம் போனேன். அந்த நாட்டுப் பழைய தெய்வங்களின் கதைகள் அங்கேதான் பிடித்துக்கொண்டன. தெய்வங்களுக்குத் தலைவன் ஓடின். அறிவுக்காக ஒரு கண்ணைக் கொடுத்தவன். (அப்பாவை நினைத்துச் சிரிக்காதீர்கள். நான் சிரித்திருக்கிறேன்.) அவன் மகன்களில் இடி முழக்கும் தோரை எல்லோருக்கும் தெரியும். அழகன் பால்டரைக் கொஞ்சப் பேருக்குத் தெரியும். மற்ற மகன்களை யாரும் தேடுவதில்லை. என் ஆய்வு அந்த மற்ற மகன்களைப் பற்றியது.

வீடார் என்று ஒருவன், பேசாதவன். உலகம் முடிகிற நாளில் தகப்பனை விழுங்கிய ஓநாயின் தாடையைக் காலால் மிதித்துக் கிழிக்கிறான். அதற்கு அவன் போடுகிற தடித்த சப்பாத்து, மனிதர் தங்கள் சப்பாத்துகளுக்குத் தோல் வெட்டும்போது எறிகிற துண்டுகளால் ஆனது. வாலி என்று இன்னொருவன். எங்கள் கதையில் வருகிற வாலி இல்லை. பால்டரின் கொலைக்குப் பழிவாங்குவதற்கென்றே பெற்றெடுத்த பிள்ளை. பிறந்து ஒரு நாளில், கை கழுவாமல், தலை வாராமல் போய்ப் பழி தீர்த்தான். அவன் கொன்றது தன் சொந்த அண்ணனை, கண் தெரியாதவனை. அதன் பிறகு வாலி என்ன செய்தான் என்று யாரும் பெரிதாக எழுதி வைக்கவில்லை.

என் மனதில் நிற்கிறவன் மெயிலி. அவனுக்குக் கதையே இல்லை. ஒருநாள் தோர் ஆற்றங்கரையில் வந்து நிற்கிறான். அக்கரைத் தோணிக்காரன், நீ யார் என்று கேட்கிறான். தான் ஓடினின் மகன், மெயிலியின் சகோதரன் என்று தோர் உரத்துச் சொல்கிறான். பெயர்ப் பட்டியல்களை விட்டால் மெயிலி வருகிற இடம் அநேகமாக இது ஒன்றுதான்.

டிசம்பர் இருபத்தைந்து, நத்தார் அன்று கடை பூட்டு. அன்றைக்கு அப்பாவிடம் கேட்பேன்.

உங்கள் அன்புத் தங்கை,
யசோதினி


இணுவில்
28.12.2003

அன்புத் தங்கச்சிக்கு,

பிழை இல்லை, எழுதும். நாங்கள் சுகம். மழையில் அச்சகத்துக்குள் முழங்காலளவு தண்ணீர், சின்னம்மாவின் முழங்காலைப் பற்றி அதனால் யாரும் கேட்பதில்லை.

உம்முடைய கதைகளைச் சின்னம்மாவுக்கு வாசித்தேன். குருட்டு அண்ணனைக் கொன்றவனில் அவவுக்குக் கோபம் வரவில்லை. அப்படி ஒரு பிள்ளையைப் பெத்து அனுப்பின தகப்பனுக்குத்தான் அடி போட வேணும் என்கிறா. பேசாத வீடாரை எழுதும்போது நீர் என்னை நினைத்திருப்பீர். ஆனால் நான் நல்லாய்ப் பேசுவேன். எனக்கே கேளாதபடியால் பஸ்ஸில் நான் சொல்கிற ரகசியம் எல்லோருக்கும் கேட்கும்.

மெயிலியை எனக்குப் பிடித்துக்கொண்டது. ஒருவன் ஒருதரம் பேரைச் சொன்னான், இத்தனை நூறு வருடமாக அது கிடக்கிறது. ஓநாயும் வேண்டாம், சப்பாத்தும் வேண்டாம். எனக்கும் அச்சில் ஒரு இடம் இருக்கிறது, தெரியுமோ? ஒவ்வொரு கல்வெட்டிலும் கடைசி அட்டையின் அடியில் 'பக்க அமைப்பு: த. சுபாஸ்கரன்' என்று எறும்பளவு எழுத்தில் போட முதலாளி விடுவார். இதுவரைக்கும் ஒருவரும் அதை வாசித்துக் கேட்டதில்லை. செத்தவரின் படத்தைப் பார்ப்பார்கள், வம்ச அட்டவணையில் தங்கள் பேர் இருக்கா என்று பார்ப்பார்கள், மூடி வைப்பார்கள்.

ரமாவுக்கு மெயிலியின் கதையைக் கொப்பியில் எழுதிக் காட்டினேன். வாசித்துவிட்டுக் கீழே எழுதினா: "உங்கட தோர் எப்ப சத்தம் போடுவா?"

அந்தத் தோர் நீர்தான். நத்தார் முடிந்துவிட்டது. கேட்டீரா?

அன்புடன்,
சுபாஸ்கரன் அண்ணை


மோர்டன்
08.02.2004

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் பிந்திவிட்டது, மன்னியுங்கள். எனக்குச் சுகம். அப்பாவுக்குத்தான் சுகமில்லை. சிறுநீரகம் இரண்டும் சரியில்லை, வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். வியாழக்கிழமைகளில் நான் கூட இருக்கிறேன். நாலு மணித்தியாலம். அவர் எழுந்து போக ஏலாத இடம் என்பதால்தான் வியாழனைக் கேட்டு வாங்கினேன்.

மூன்றாம் வியாழன் நான் ஆய்வை எழுதிக்கொண்டிருந்தேன்.

"என்ன பிள்ளை எழுதுறாய்?"

"ஓடின் எண்ட தெய்வத்தின்ர மகன்மாரைப் பற்றி."

"எத்தினை பேராம்?"

"ஒவ்வொரு ஏட்டில ஒவ்வொரு மாதிரிக் கிடக்கு அப்பா."

சிரித்தார். "தகப்பனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்தானே?"

அவர் சிரித்த தைரியத்தில் மெயிலியைப் பற்றிச் சொன்னேன். ஆறு, தோணிக்காரன், தோர் போட்ட சத்தம் எல்லாம் சொன்னேன். அப்பா இயந்திரத்துக்குள் சுற்றுகிற தன் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "அவனுக்குப் பிறகு என்ன நடந்தது?"

"ஒருத்தருக்கும் தெரியாது. பேர் மட்டும்தான் கிடக்கு."

"பேராவது கிடக்கே" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். பார்வை போன கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அந்தக் கண்ணில் எப்போதும் வரும்.

அதன் பிறகு தாதி வந்து இரத்த அழுத்தம் பார்த்தார். அப்பா நித்திரையாகிவிட்டார்.

உங்களுக்கு இன்னொரு கதை. பால்டர் இறந்ததும் அவனை மீட்டு வர ஹெர்மோட் என்ற சகோதரன் ஒன்பது இரவுகள் குதிரையில் போய்ச் செத்தவர் உலகத்தில் இறங்கினான். உலகத்தில் உள்ள எல்லாமே பால்டருக்காக அழுதால் விடுகிறோம் என்று அங்கே சொன்னார்கள். கல்லும் மரமும் இரும்பும்கூட அழுதன. ஒரு குகைக்குள் இருந்த ஒருத்தி மட்டும், எனக்கு அவனால் ஒரு பயனும் இல்லை, அழமாட்டேன் என்றாள். பால்டர் வரவில்லை. இவ்வளவு தூரம் போய் வெறுங்கையோடு வந்த ஹெர்மோட்டைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

ரமா அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

தங்கை,
யசோதினி


இணுவில்
01.03.2004

தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். உம்முடைய சுகத்துக்கும் அவருடைய சுகத்துக்கும் சின்னம்மா நேர்ந்திருக்கிறா. அவருக்கு ஏன் என்று கேட்டேன். திருநீற்றை என் நெற்றியில் பூசிவிட்டுப் போனா.

கேட்கவில்லை என்பதை இரண்டு பக்கத்தில் இவ்வளவு வடிவாக எழுதலாம் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

கோபத்தில் எழுதிவிட்டேன். வெட்டினால் நீர் அதையும் பார்ப்பீர் என்பதால் விடுகிறேன். தவராசா சித்திரை வருடப் பிறப்புவரை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். ரமாவுக்கு இருபத்தெட்டு வயது, நான் அவரைப் பிழை சொல்லமாட்டேன். கடிதம் வந்து சேரப் பத்து நாள் ஆகும் என்பதையும் எண்ணிக்கொள்ளும்.

சுபாஸ்கரன்


மோர்டன்
19.03.2004

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம் கேட்டு எழுதுகிற கடிதம் இல்லை இது. நேற்று முன்தினம், புதன்கிழமை காலை, அப்பா காலமாகிவிட்டார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். நான் கல்லூரியில் இருந்தேன். அடுத்த நாள் வியாழக்கிழமை. இந்த வியாழன் கட்டாயம் கேட்பது என்று வசனத்தைக்கூட ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன்.

இப்போது அந்த வரி அவர் கையால் கிடைக்காது. ஆனால் வேறு வழி இருக்கிறது. இன்று பின்னேரம் மரண அறிவித்தல் எழுத வேண்டும். "யசோவின்ர தமிழ்தான் வடிவு, பிள்ளையே எழுதட்டும்" என்று ஞானேஸ்வரன் மாமா சொல்லிவிட்டார். அம்மாவின் தம்பி அவர். இங்கத்தைய தமிழ்ப் பத்திரிகையிலும் யாழ்ப்பாணப் பத்திரிகையிலும் வரும். சுபாஸ்கரன், யசோதினி, கௌசிகன் ஆகியோரின் பாசமிகு தந்தையும் என்று எழுதுவேன். உங்கள் பெயர்தான் முதலில் வரும். தவராசா ஐயாவுக்கு அந்தப் பத்திரிகையைக் காட்டுங்கள். கையெழுத்தைவிட அது பெரிது, ஊரே வாசிக்கும்.

நான் அழுதுகொண்டு எழுதவில்லை.

உங்கள் தங்கை,
யசோதினி


மோர்டன்
24.03.2004

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சுகமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. பத்திரிகையைப் பார்த்திருப்பீர்கள்.

நான் எழுதினேன். மூன்று பெயரும் எழுதினேன். குசினி மேசையில் வைத்து மாமாதான் முதலில் வாசித்தார். பிறகு தாளை அம்மாவிடம் கொடுத்தார்.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன். "உனக்கு எப்ப தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

"ஐப்பசியில, அம்மா."

"எனக்கு எண்பத்திரண்டில தெரியும். நீ வயித்துக்குள்ள." மேசையிலிருந்த பேனையை எடுத்தார். "இருபத்து மூண்டு வருஷமா இந்த மனுசன்ர பெண்சாதி எண்டு கோயிலில முன்வரிசையில நிண்டனான் பிள்ளை. நாளைக்கு ஒரு பேப்பரால நான் இரண்டாந்தாரமாக ஏலாது."

"அவர் உண்மையில மகன்தானே?"

"ஆர் இல்லையெண்டது?" என்றார் அம்மா.

மாமா குறுக்கே வந்தார். "இஞ்ச பார், கௌசிகன்தான் கொள்ளி வைக்கப் போறான். மூத்தவன் இருக்க இளையவன் ஏன் வைச்சவன் எண்டு சனம் கேட்டால் நீயே பதில் சொல்லுவாய்? உனக்கு ஆக்களோட கதைக்கவே வராது."

அம்மா உங்கள் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். பிறகு பத்திரிகைக்குக் கோடு போட்ட தாளை அனுப்பக் கூடாது, வடிவாகத் திருப்பி எழுது என்றார். திருப்பி எழுதினேன்.

இன்னும் ஒரு இடம் இருக்கிறது. முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கிறார்கள். வாழ்க்கை வரலாற்றையும் வம்ச அட்டவணையையும் என்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பத்திரிகை அடுத்த நாள் பழசாகிவிடும், கல்வெட்டை யாரும் எறிவதில்லை. அதில் உங்கள் பெயர் இருக்கும். இந்த முறை நான் விடமாட்டேன்.

உங்கள் தங்கை,
யசோதினி


இணுவில்
06.04.2004

யசோதினி அவர்களுக்கு,

நான் சுகம். உங்கள் வீட்டில் நடந்த துயரத்தில் பங்குகொள்கிறேன். உங்களுடைய இரண்டு கடிதமும் இன்றைக்குச் சேர்ந்து வந்தன.

இருபதாம் திகதிப் பத்திரிகையை நான் அச்சகத்தில் பார்த்தேன். அன்று பின்னேரமே தவராசா ஐயா அதை நாலாக மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். என் கொப்பியை வாங்கி எழுதினார்: "தம்பி, செத்த பிறகும் உம்மை அவையள் சொல்லேல்லை." பத்திரிகையைச் சின்னம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ரமா வரவில்லை. வைகாசியில் அவவுக்கு வேறு இடத்தில் கலியாண எழுத்து.

கல்வெட்டில் என் பேர் இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். கடந்த மாதம் இருபத்தெட்டாம் திகதி லண்டனிலிருந்து பாக்ஸில் பதினொரு பக்கம் எங்கள் அச்சகத்துக்கு வந்தது. யாரோ தெரிந்தவர் மூலம் உங்கள் மாமா ஒழுங்கு செய்தாராம். குகநாதன் அதை என் மேசையில் வைத்தார். முதல் வரியிலேயே எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆறு மாதமாக வாசிக்கிற எழுத்து.

வடிவாக எழுதியிருக்கிறீர்கள். 1979இல் நோர்வே சென்றார் என்பது சரி. அதற்கு முந்திய காலத்தை 'இளமையை இணுவிலில் இனிதே கழித்தார்' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அந்த வரிக்குள்தான் நான் பிறந்தேன். மக்கள்: யசோதினி, கௌசிகன். அதையும் அப்படியே அடித்தேன்.

படத்தைப் பெரிதாக்கும்போது முதலாளி பின்னால் வந்து நின்றார். என் கொப்பியில், "உன்னை உரிச்சு வைச்ச மாதிரிக் கிடக்கு" என்று எழுதினார். நான் கீழே எழுதினேன்: "பாக்ஸில் வந்தால் எல்லா முகமும் ஒன்றுதான்."

எல்லாம் அழுதபோது அழாமல் இருந்த ஒருத்தியைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். அவவை இப்போது எனக்கு விளங்குகிறது.

முன்னூறு புத்தகம். நல்ல தாள். ஒன்பதாம் திகதி விமானமேறுகிற ஒருவர் கொண்டு வருகிறார், முப்பத்தோராம் நாளுக்கு முதல் கிடைத்துவிடும். மூன்று தரம் பார்த்தேன், பிழை இருக்காது.

இனி எழுதச் சிரமப்பட வேண்டாம்.

த. சுபாஸ்கரன்


மோர்டன்
25.04.2004

அண்ணா,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். சின்னம்மாவும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். இதற்குப் பதில் வேண்டாம்.

பாக்ஸில் வந்த எழுத்து என்னுடையதுதான். உங்களுக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் போட்டு இரண்டு நாளில் அதை எழுதினேன். பெயரை யாரும் வெட்டவில்லை. அம்மா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார், நான் எழுதவில்லை. அவ்வளவுதான்.

என் ஆய்வைப் போன வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டேன். மெயிலிக்குப் பத்துப் பக்கம் வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் அந்தப் பகுதிதான் சிறந்தது, சொந்த அனுபவம் போல இருக்கிறது என்று என் பேராசிரியர் சொன்னார். நன்றி சொன்னேன்.

பதினாறாம் திகதி இங்கே ஒரு மண்டபத்தில் முப்பத்தோராம் நாள் செய்தோம். இருநூற்றைம்பது பேர் வந்தார்கள். ஆட்கள் சாப்பிட இருக்கும்போது கௌசிகன் ஒவ்வொருவருக்கும் கல்வெட்டைக் கொடுத்தான். நான் ஒன்றை எடுத்துப் பின்னட்டையைத் திருப்பினேன். நீங்கள் முன்பு சொல்லியிருக்காவிட்டால் அங்கே பார்த்திருக்கமாட்டேன். அடியில், எறும்பளவு எழுத்தில்: 'பக்க அமைப்பு: செ. சுபாஸ்கரன்.'

உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதல்தரம் போட்டிருக்கிறீர்கள் அந்த எழுத்தை. முன்னூறு புத்தகத்திலும்.

நான் மூடி வைத்துவிட்டேன். எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், அட்டவணையில் தங்கள் பேரைப் பார்த்தார்கள், மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். கோயில் செயலாளர் நித்தியானந்தன் மாமா மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எந்தப் புத்தகத்தையும் பின்னட்டையிலிருந்து வாசிக்கிறவர். கோயில் மலரில் பிழை பிடித்துப் பழகியவர்.

"யசோ, இஞ்ச வா பிள்ளை. இந்தச் செ. சுபாஸ்கரன் ஆர்? கொப்பாவின்ர எழுத்துத்தானே முன்னுக்குக் கிடக்கு. உங்கட ஆக்களே?"

உரத்துத்தான் கேட்டார். பாயச வாளியோடு வந்த அம்மா அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். கௌசிகன் என்னைப் பார்த்தான். அந்த மேசையில் எட்டுப் பேர். பக்கத்து மேசையிலும் கையை இலையில் வைத்தபடி திரும்பினார்கள். எனக்கு ஆறும் தெரிந்தது, அக்கரையும் தெரிந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று பத்துப் பக்கம் எழுதியவள் நான்.

"இல்லை மாமா" என்றேன். "அங்க பிரஸ்சில வேலை செய்யிற ஆரோ."

"ஆராயிருந்தாலும் கெட்டிக்காரன்" என்றார் அவர். "ஒரு பிழை இல்லை." புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பாயசத்துக்குக் கோப்பையை நீட்டினார்.

யசோதினி